அண்ணனை மாஸ்த்ரோ என்றவர்

கொட்டாஞ்சேனையில் கல்லறைக் கல் செய்யும் பட்டறை ஒன்று இருந்தது. முதலாளி இத்தாலிக்காரர். அண்ணன் எழுத்து வெட்டுவார். நான் மாபிள் கல்லைத் தேய்த்து மினுக்குவேன்.

அதற்கு முந்தி துறைமுகத்தில் கரி சுமந்தோம். அங்கே துரைமாருக்கு நரைத்த கிழவனும் "ஏய்"தான். இந்த முதலாளியோ தண்ணீர் ஊற்ற வருபவனையும் "சிஞ்ஞோரே" என்பார். அவர் ஊரில் அது எந்த ஆம்பிளைக்கும் உள்ள மரியாதையாம். கண்ணாடி போட்டவரெல்லாம் அவருக்கு "தொத்தோரே", படித்தவராம். மாதா கோயில் சுவாமியாருக்கு "டொன்". எங்கள் தெருச் சிங்கள வீடுகளில் பாதிப் பேருக்குப் பெயருக்கு முன்னே டொன் இருக்கும். "இவ்வளவு சாமிமாரா, எல்லாருக்கும் பெண்சாதி வேறயா!" என்று சிரிப்பார்.

எதையோ சொல்ல வந்தேன். "மாஸ்த்ரோ" என்பதை மட்டும் அவர் லேசில் கொடுக்கமாட்டார். அது கைத்தொழில் முற்றியவனுக்கு. ஒருநாள் அண்ணன் வெட்டிய எழுத்துக்குள் விரலை ஓட்டிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"மாஸ்த்ரோ," என்றார்.

வீட்டில் அண்ணி விடவில்லை. "மாஸ்த்ரோவுக்கு மீன் குழம்பு காணுமோ? இல்லாட்டி நானும் தொப்பி கழட்டோணுமோ?"

"நீ முதல்ல தொப்பி வாங்கு," என்றார் அண்ணன். முகமெல்லாம் சிரிப்பு.

பிறகு இத்தாலியும் இங்கிலாந்துக்கு எதிராகச் சண்டையில் இறங்கியது. பொலிஸ் வந்தது. வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் முதலாளியை வெறும் பெயரால் கூப்பிட்டார். அண்ணன்தான் சத்தமாக "சிஞ்ஞோரே!" என்றார். முதலாளி திரும்பி, "மாஸ்த்ரோ," என்றார். ஜீவனில்லாத குரல். பட்டறையைப் பூட்டினார்கள். முதலாளியைக் கொண்டுபோய் அடைத்த காவல் முகாமிலேயே அவர் செத்துப்போனதாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

மட்டக்குளியில் வேறொரு கல்பட்டறைக்கு அண்ணனைக் கூட்டிப்போனேன். அங்கே முதலாளி, "ஏய் மெலிஞ்சவன், இஞ்ச வா," என்றார். அண்ணன் உளியை வைத்துவிட்டு வந்துவிட்டார்.

"ஏன் அண்ணே?"

"கை நடுங்குதடா."

பீடி பற்றவைக்கையில் அந்தக் கை நடுங்கவில்லை. திரும்பவும் கரி சுமக்கப் போனார். நெஞ்சு கெட்டுப்போனது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்தார். "தம்பி, ஒருக்கா சிஞ்ஞோரே மாதிரிக் கூப்பிடடா."

"மாஸ்த்ரோ," என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு தலையை ஆட்டினார். "இல்லையடா. நீ கூப்பிட்டா நீ கூப்பிட்டதாத்தான் இருக்கு."



"அண்ணே," என்றேன்.

"ஓம்," என்றார்.