சட்டை நுனியை இழுத்துக் கூப்பிட்டவள்

என் மகள் ஏழெட்டு மாதம் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து சட்டை நுனியை இழுப்பாள். நான் அடுப்படியில் இருந்தால் அங்கே வந்து, நான் திரும்புகிறவரை நிற்பாள். அறைக்குள்ளிருந்து ஒரு குரல்கூட வராது. சிங்கப்பூரில், ஆங் மோ கியோ பேட்டையில் என் வீடு நாலு எட்டு வைத்தால் முடிந்துவிடும். அதனால் கூப்பிடாமலே காலம் தள்ள முடிந்தது.

தப்பு என்னுடையது. முழுக்க என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவளைப் பெற்றது நான்தான். அம்மா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் நான் பெண் இல்லை. ஆணும் இல்லை. சின்ன வயதிலிருந்தே எனக்கு இது தெரியும். வாய்விட்டுச் சொல்ல முப்பத்தைந்து வயதாயிற்று. சொன்ன பிறகு கல்யாணம் நிலைக்கவில்லை. அவளுடைய அப்பா நல்ல மனிதர். சண்டை போட்டுக் கத்தித் தீர்க்கக்கூட வழியில்லாத அளவுக்கு நல்லவர், அதுதான் எரிச்சல். வாரநாளில் பிள்ளை தெம்பனிஸ் பேட்டையில் அவரோடு, சனி ஞாயிறு என்னோடு என்று முடிவானது.

பிறகு அவர் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார். அந்தப் பெண்தான் என் மகளுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறார். பிள்ளை அவரை அம்மா என்று கூப்பிடட்டுமா என்று தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டார்கள். "தாராளமா," என்றேன். எனக்கு ஒட்டாத சொல்தானே, யாருக்காவது உதவட்டும் என்று பெரிய மனசு பண்ணினேன். அன்றைக்கு என் தையல்கடையில் ஒரு ரவிக்கைக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை மகளை உட்காரவைத்துச் சொன்னேன். "என்னை அம்மான்னு கூப்பிட வேணாம். அப்பாவும் நான் இல்ல. உனக்கு எது புடிக்குதோ, அத வச்சு நீயே கூப்பிடு, சரியா?"

ஆறு வயதுப் பிள்ளை. கால்களை ஆட்டிக்கொண்டு கொஞ்சநேரம் யோசித்தாள். பிறகு என் பெயரைச் சொன்னாள். வகுப்பில் ஆசிரியர் வருகைப்பதிவு எடுப்பதுபோல் திருத்தமாக, முழுப்பெயரையும்.

"ஏய்! பெரியவங்கள பேர் சொல்லியா கூப்பிடுவ? யார் சொல்லிக் குடுத்தா உனக்கு?"

வாய் முந்திக்கொண்டுவிட்டது. என் அம்மா என்னிடம் கத்திய அதே குரல், அதே கண் உருட்டல். வெள்ளைக்காரர் வீடாக இருந்தால் பிள்ளை பெயரைச் சொல்லியிருக்கும், அவர்களும் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஆண், பெண் என்பதையே உதறிவிட்டு வந்த எனக்குப் பெரியவர், சின்னவர் என்பதை உதற முடியவில்லை பாருங்கள். என்ன வேண்டுமானாலும் என்று சொல்லிவிட்டு, அவள் எடுத்த முதல் சொல்லையே தட்டிவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். மன்னிப்புக் கேட்டேன், மைலோ கலந்து கொடுத்தேன். குடித்தாள். அதற்குப் பிறகு எந்தச் சொல்லையும் எடுக்கவில்லை.

டேக்கா சந்தையின் மாடியில்தான் என் சின்னத் தையல்கடை. அங்கே எல்லாருக்கும் நான் மாஸ்டர். தையல்காரர் என்றால் மாஸ்டர்தான், ஆணா பெண்ணா என்று யாரும் மேலே கீழே பார்ப்பதில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு சொல்லுக்காகவே இந்தத் தொழிலை விடாமல் இருக்கிறேன்.

வாடிக்கையாக வரும் ஓர் அக்காவிடம் ஒருநாள் வாய் தவறிப் பிள்ளை விஷயத்தைச் சொல்லிவிட்டேன். "பேசாம அத்தைன்னு கூப்பிடச் சொல்லு லா, மாஸ்டர்," என்றார்.

"நீங்க வீட்டுக்குப் போயி உங்க மகனை உங்கள மாமான்னு கூப்பிடச் சொல்லுங்க," என்றேன். மூன்று வாரம் அந்தப் பக்கமே அவர் வரவில்லை.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை. கடையில் நிற்க இடமில்லை. மகள் வெட்டுமேசைக்கு அடியில் துண்டுத் துணிகளோடு விளையாடிக்கொண்டிருந்தாள். ஒருவருக்குத் தோள் அளவெடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தால் துணி மட்டும் கிடந்தது.

அடித்துப்பிடித்துக்கொண்டு கீழே ஓடினேன். அவள் பெயரைக் கத்திக்கொண்டே மீன் கடைப் பக்கம் போனேன், காய்கறிப் பக்கம் வந்தேன். கத்துவதற்கு எனக்காவது ஒரு பெயர் இருந்தது. இருபது நிமிடம் இருக்கும். மாடிப்படியருகே வாழையிலைக் கடைக்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறப் போய்க்கொண்டிருந்தார்.

"நல்ல புள்ளைய பெத்தீங்க போங்க!" என்றார் அந்த அண்ணன். "அம்மா எங்கன்னு கேட்டா தெம்பனிஸ்ங்குது. அப்பா எங்கன்னா அதுவும் தெம்பனிஸ்ங்குது. அப்ப யாரோட வந்தன்னா வாயே தொறக்கல. போலீஸைக் கூப்பிட இருந்தேன். அப்புறம்தான், கழுத்துல டேப்பு போட்டிருப்பாங்கன்னு சொல்லுச்சு. அட, நம்ம மாஸ்டர் புள்ளையான்னு கூட்டியாறேன்."

அவர் போன பிறகு மகளைத் தூக்கி வைத்துக்கொண்டேன். தூக்குகிற வயது தாண்டிவிட்டது. ஆனாலும் தூக்கினேன்.

"நான் உங்களப் பாத்தேன்," என்றாள். "நீங்க அந்த மீன் கடைகிட்ட போனீங்க. ரொம்ப பக்கத்துல. கூப்பிடத்தான் தெரியல."

இதைவிட என்னை ஓர் அறை விட்டிருக்கலாம். பத்தடி தள்ளி நின்று என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், என் பிள்ளை.

வீட்டுக்குப் போகும் பேருந்தில் என் பிடிவாதத்தை எல்லாம் இறக்கி வைத்தேன். "போதும்மா. இனிமே என்னையும் அம்மான்னே கூப்பிடு. எனக்கு ஒண்ணும் இல்ல."

ஜன்னலிலிருந்து திரும்பி என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "அம்மா தெம்பனிஸ்ல இருக்காங்களே," என்றாள். குத்திக்காட்டவில்லை. எனக்குத் தெரியாதோ என்று சொல்லிக்கொடுத்தாள், அவ்வளவுதான். நான் ஆமாம் என்றேன்.

அடுத்த சனிக்கிழமை அவளை அழைத்துவரத் தெம்பனிஸ் ரயில் நிலையத்துக்குப் போனேன். தூணருகே நின்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் மூன்று பேரும் வந்ததைக் கவனிக்கவில்லை.

"மாஸ்டர்!"

தலை தானாகத் திரும்பியது. அப்பாவின் கையை உதறிவிட்டு ஓடி வந்துகொண்டிருந்தாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்தார்கள். அவரும் அவர் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன. ரயிலில் உட்கார்ந்ததும் மெல்லக் கேட்டேன். "ஏம்மா மாஸ்டர்? அது கடைக்கு வர்றவங்க எல்லாரும் சொல்றதாச்சே?"

"அப்படிக் கூப்பிட்டா நீங்க ஒடனே திரும்புறீங்கல்ல?" என்றாள்.

அவளுக்கும் எனக்கும் மட்டுமான ஒரு சொல் கிடைக்கும் என்று ஆசைப்பட்டிருந்தேன். ஊரே சொல்லும் சொல் கிடைத்தது. பரவாயில்லை, வீட்டில் இப்போது குளியலறையிலிருந்து கூப்பிடுகிறாள். "மாஸ்டர், துண்டு!" என்று கத்துகிறாள்.

வாரநாளில்தான் கஷ்டம். ஒரு நாளைக்கு எத்தனை பேர் மாஸ்டர் என்று கூப்பிடுவார்களோ, ஒவ்வொரு தடவையும் கத்தரிக்கோலை வைத்துவிட்டுத் திரும்புகிறேன். பார்வை முதலில் கீழேதான் போகிறது, மேசை விளிம்புக்குக் கொஞ்சம் மேலே, அவள் முகம் இருக்கும் உயரத்துக்கு. அங்கே யாரும் இல்லை. அப்புறம் நிமிர்ந்து, "சொல்லுங்கக்கா," என்கிறேன்.