பிந்தி வந்த பாஸ்கா

அந்த வருடம் உயிர்ப்பு ஞாயிறு மார்ச் மாதத்திலேயே வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் பரீட்சை முடியவில்லை. பெரிய வியாழக்கிழமை சாயங்காலப் பூசைக்குக்கூடச் சமூகப் பாடப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் போனேன். எனக்கு ஒன்பது வயது. பூசை நடக்கும்போது புத்தகத்தைத் திறக்க அம்மா விடமாட்டாள். அதனால் வேறு வழியில்லாமல் வாசகத்தைக் கவனித்துக் கேட்டேன். என் பயம் அங்கேதான் தொடங்கியது.

எகிப்து நாட்டில் யூதர்கள் அடிமைகளாயிருந்தபோது ஓர் இரவு. ஆட்டின் ரத்தத்தை ஈசோப்புச் செடிக் கொத்தில் தொட்டுக் கதவு நிலைகளில் பூசவேண்டும். பூசிய வீடுகளைச் சாவின் தூதன் கடந்து போய்விடுவான். பூசாத வீடுகளில் நுழைந்து தலைப்பேறு ஒவ்வொன்றையும் கொண்டுபோவான். இந்த நாளைப் பாஸ்கா என்று தலைமுறை தலைமுறையாக மறக்காமல் கொண்டாட வேண்டும். வாசித்தவர் இதையெல்லாம் ரேஷன் கடை அறிவிப்பைப் படிப்பதுபோல் ஒரே குரலில் படித்துவிட்டு இறங்கிப் போனார். மலையாளப் பள்ளியில் படித்த எனக்குத் தலைப்பேறு என்ற சொல் மட்டும் புரியவில்லை. பக்கத்தில் இருந்த சித்தப்பாவின் சட்டையை இழுத்துக் கேட்டேன்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். பாதிரியாராவதற்குக் குருமடத்தில் சில வருடங்கள் படித்துவிட்டுப் பாதியில் திரும்பியவர். திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவுக்குப் பக்கத்தில் ஓர் அச்சகத்தில், கோயில் காலண்டர்களுக்கும் பூசைப் புத்தகங்களுக்கும் பிழை திருத்துவது அவர் வேலை. முகத்தைக் கொஞ்சமும் மாற்றாமல் எதையும் சொல்வார். எது வேடிக்கை, எது நிஜம் என்று பெரியவர்களுக்கே சட்டென்று தெரியாது.

"தலச்சன் புள்ளைன்னு அர்த்தம்," என்று என் காதில் சொன்னார். "எனக்கு ஒண்ணும் வராது, நான் ரெண்டாவதாக்கும். ஒனக்கும் ஒங்கப்பாவுக்கும்தான் பாடு."

அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் அப்பாவின் கையை விடவில்லை. ஆனால் அந்தப் பயம் ஒரு மணி நேரம்கூட நீடிக்கவில்லை. எங்கள் வீட்டுக்கார ஆன்ட்டி கோட்டயம் பக்கத்துச் சிரியன் கிறிஸ்தவர். முன்பகுதியில் அவர்களும் பின்பகுதியில் நாங்களும் இருந்தோம். வருடாவருடம் பெரிய வியாழன் இரவில் அவர்கள் வீட்டில் பெசஹா என்ற பாஸ்கா விருந்து நடக்கும். புளிக்காத மாவில் அப்பம் அவித்து, அதன்மேல் குருத்தோலையில் ஒரு சிலுவை வைப்பார்கள். ஜெபம் முடிந்ததும் அங்கிள் அதைப் பிட்டு, தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்துக் காய்ச்சிய பாலில் தொட்டு, மூத்தவரிலிருந்து இளையவர் வரை வரிசையாகக் கொடுப்பார். எங்களையும் கூப்பிடுவார்கள். இது யூதர்கள் காலத்திலிருந்து வரும் வழக்கம், அன்று எகிப்தில் தப்பித்தவர்கள் தின்றதும் இந்த அப்பம்தான் என்று ஆன்ட்டி சொன்னார். இதைத் தின்ற வீட்டுக்கு அந்தத் தூதன் வருவானா என்று கேட்டேன்.

"பெசஹா கழிச்ச வீட்டில் ஒந்நும் வரில்ல, மோளே," என்றார்.

ஒன்றும் வராது என்ற அந்தச் சொல் எனக்குப் போதுமானதாக இருந்தது. உள்ளங்கையில் ஒட்டியிருந்த துணுக்குகளையும் விடாமல் தின்றுவிட்டுப் போய்ச் சமூகப் பாடம் படித்தேன்.

கோடை விடுமுறை வந்தது. சித்தப்பா அடுத்த வருடக் காலண்டரின் அச்சுப்படிகளை வீட்டுக்குக் கொண்டுவந்தார். திருநாள் பெயர்களை நான் உரக்கப் படிக்க, அவர் திருத்துவார். கிறிஸ்துமஸ் அதே தேதியில் நிற்க, உயிர்ப்பு ஞாயிறு வேறு தேதிக்குப் போயிருந்தது. ஏன் என்று கேட்டது என் தப்புதான். சித்தப்பாவுக்குக் குருமடத்தில் படித்ததைச் சொல்ல அபூர்வமாகத்தான் ஆள் கிடைக்கும்.

இயேசு கடைசியாக உண்ட விருந்தே யூதர்களின் பாஸ்காவை ஒட்டியதுதான் என்றார். அவர்கள் நிலாவைப் பார்த்து மாதம் எண்ணுகிறவர்கள். அவர்களுடைய பாஸ்கா பௌர்ணமியில் வரும், எந்தக் கிழமையிலும் வரும். நம் ஆட்களுக்கோ உயிர்ப்பு ஞாயிற்றுக்கிழமையில்தான் வரவேண்டும். ஆதியில் இதைப் பற்றிப் பெரிய சண்டையே நடந்தது. கடைசியில் ஆயர்கள் கூடி நமக்கென்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டார்கள். பெரும்பாலும் இரண்டும் அருகருகே வந்துவிடும். சில வருடங்களில் மட்டும் யூதர்கள் பருவம் தப்பாமலிருக்க ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வார்கள். அப்போது நம்முடையது முந்திவிடும், அவர்களுடையது ஒரு மாதம் பிந்தி வரும். இந்த வருடம் அப்படிப்பட்ட வருடம்.

"அப்ப அவங்க பாஸ்கா இன்னும் வரலியா?"

"வாற பௌர்ணமிக்காக்கும்."

அப்படியானால் அந்தத் தூதன் எந்தக் காலண்டரைப் பார்த்து வருவான் என்று கேட்டேன்.

சித்தப்பா பேனாவைக் கீழே வைத்தார். "அவன் பழைய ஆளாக்கும் மக்ளே. நம்ம காலண்டர அவனுக்கு யாரு கொண்டுபோய்க் குடுத்தா? அவனுக்கு யூதங்களுக்க கணக்குதான் தெரியும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மைனிகிட்ட சொல்லிராத. என்னைய வீட்டவிட்டு வெரட்டிருவாவ."

அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று ஒரு பெரியவர் சொன்னால், விஷயம் உண்மை என்றுதான் குழந்தைக்குப் புரியும். அதன் பிறகு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. நிலா நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டே வந்தது. அதுவரை நிலாவை அழகான ஒன்றாகத்தான் பார்த்திருந்தேன். இப்போது சாயங்காலமானால் சன்னலை நானே சாத்தினேன். அப்பாவை மேசையில் பார்க்கும்போதெல்லாம் அவரும் தலைச்சன் என்ற நினைப்பு வந்து சோறு இறங்காது. சாலைக் கடைத்தெருவில் ஓர் இரும்புக் கடையில் கணக்கு எழுதிக் களைத்து வரும் அவர், தன்னைத் தேடி ஒருவன் எகிப்திலிருந்து கிளம்பியிருப்பது தெரியாமல் மோர் கேட்டுக்கொண்டிருப்பார்.

வீட்டுக்கார ஆன்ட்டியிடம் போய், பெசஹா அப்பத்தை இன்னொரு முறை செய்வீர்களா என்று கேட்டேன். அவர் சிரித்தார். வருடத்தில் ஒருமுறைதான், யூதர்களுக்கு அவர்கள் நாள், நமக்கு நம் நாள் என்றார். வேண்டுமானால் வட்டயப்பம் அவித்துத் தருகிறேன் என்றார். அது புளித்த மாவு. அதைத் தின்று என்ன பயன் என்று பேசாமல் திரும்பி வந்தேன்.

வலியசாலை அக்ரஹாரத்திலிருந்து வந்து என் வகுப்பில் படித்த ஒரு தோழி இருந்தாள். அவளாவது தைரியம் சொல்வாள் என்று பௌர்ணமியைப் பற்றிக் கேட்டேன். அது சித்திரா பௌர்ணமி என்றாள். எமனிடம் கணக்கு எழுதும் சித்திரகுப்தனுக்கு அன்று அவர்கள் வீட்டில் பூஜை உண்டாம், அவள் அம்மா உப்பில்லாமல் சாப்பிடுவாளாம். இரண்டு வேதக்காரர்களும் கூடிப் பேசிவைத்ததுபோல் அந்த ஒரே நாளைச் சுட்டிக்காட்டியதில் எனக்கிருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது.

இனி ரத்தம்தான் வழி. ஆட்டுக்கு எங்கே போவது? பௌர்ணமியன்று அம்மா அயிலை மீன் வாங்கினாள். பின்முற்றத்தில் உட்கார்ந்து அவள் அதை வெட்டிக் கழுவினாள். கழுவிய தண்ணீரைத் தென்னை மூட்டில் ஊற்றும் வேலையை நான் வலிய வாங்கிக்கொண்டேன். சிரட்டையில் கொஞ்சம் பிடித்து ஒளித்துவைத்தேன். அம்மா குளிக்கப் போனதும் ஈசோப்புச் செடிக்குப் பதிலாகத் துளசிக் கொத்து ஒன்றை ஒடித்து, அதில் தொட்டு, எங்கள் வாசல் நிலையின் இரண்டு பக்கமும் பூசினேன். மேல்சட்டம் எட்டவில்லை. முக்காலி போட்டு ஏறியும் விரல் நுனிதான் பட்டது. பூசியது ரத்தம் என்று தூரத்திலிருந்து பார்க்கிற யாருக்கும் தெரியாது. மரம் நனைந்திருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். தூதனுக்கு மூக்கு இருக்கும் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

மூக்கு பூனைக்கு இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து வந்து பார்த்தபோது, வீட்டுக்கார ஆன்ட்டியின் சாம்பல் பூனை பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்களை நிலையில் ஊன்றி, வலப்பக்கம் முழுவதையும் நக்கி முடித்துவிட்டு இடப்பக்கத்துக்கு மாறியிருந்தது. விரட்டினேன். அது சாவகாசமாக உதட்டை நக்கிக்கொண்டு போனது. சிரட்டையில் ஒரு துளிகூட மிச்சமில்லை.

யூதர்களுக்கு நாள் சூரியன் மறையும்போதே பிறந்துவிடும் என்று சித்தப்பா சொல்லியிருந்தார். அந்தி மங்கியது. கிழக்கே தென்னைகளுக்கு நடுவில் நிலா எழுந்தது. அவ்வளவு பெரிதாக, அப்படி ஒரு சிவப்பில் அதை நான் கண்டதில்லை. அது மேலே வருவதற்குள் மேற்கிலிருந்து வேனல் மழை மேகம் வந்து அதை விழுங்கியது. இடி ஒன்று கூரைக்கு மேலேயே விழுந்ததுபோல் கேட்டது. கரண்ட் போனது. கிழக்கேகோட்டையில் தண்ணீர் கட்டிப் பஸ் நின்றிருக்கும், அப்பாவும் சித்தப்பாவும் வர நேரமாகும் என்று அம்மா அடுக்களையில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்பா வெளியே, மழையில், எந்தக் கதவு நிலைக்குள்ளும் இல்லாமல் இருந்தார். காற்றில் எங்கள் வாசல் கதவு தானாகத் திறந்து சுவரில் மோதியது.

நான் கட்டிலுக்கு அடியில் போய்விட்டேன்.

அம்மா மெழுகுவர்த்தியோடு தேடிவந்து குனிந்து பார்த்தாள். இடிக்குப் பயந்துவிட்டேன் என்று நினைத்து வெளியே வரச் சொன்னாள். வரமாட்டேன் என்றேன். பிறகு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். தூதன், யூதர்களின் கூடுதல் மாதம், மீன் ரத்தம், பூனை, நானும் அப்பாவும் தலைச்சன்கள். அம்மா கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மெழுகுவர்த்தியைத் தரையில் வைத்துவிட்டு, சேலை அழுக்காவதைப் பார்க்காமல் அங்கேயே உட்கார்ந்தாள்.

"நீ தலச்சன் இல்ல, மக்ளே," என்றாள்.

எனக்குப் புரியவில்லை. என்னைவிடப் பெரியவர் யாரும் வீட்டில் இல்லையே என்றேன்.

"ஒனக்கு முன்னால ஒரு அண்ணன் உண்டு. நாகர்கோயில்ல இருக்கையில பிறந்தான். ரெண்டு நாளுதான் இருந்தான்," என்றாள்.

நான் கட்டிலுக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினேன். "அவனத் தூதன் கொண்டுபோயிட்டானா?"

அம்மா மெழுகுவர்த்தியின் உருகலை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். "ஆமா," என்றாள்.

"அப்ப நம்ம வீட்டுக்கு வந்துட்டுப் போயாச்சு. இனி வரமாட்டான், இல்லியா?"

"வரமாட்டான்."

என் நெஞ்சிலிருந்து இறங்கிய பாரத்தை இன்றும் என்னால் உணர முடிகிறது. கணக்கு எவ்வளவு எளிதாக நேராகிவிட்டது. எந்தக் காலண்டராக இருந்தால் என்ன, எடுக்கவேண்டியதை அவன் எடுத்தாகிவிட்டது. ஒரு வீட்டுக்கு இரண்டாம் முறை வர அவனுக்கு வேலை இல்லை. அப்பாவுக்கும் சேர்த்துத்தான் அந்த அண்ணன் போயிருக்கிறான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்து, பசிக்கிறது என்றேன்.

அப்பாவும் சித்தப்பாவும் முழுக்க நனைந்து வந்து சேர்ந்தார்கள். அப்பா தலை துவட்டுவதற்குள் நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தூதன் இனி வரமாட்டான், எனக்கு முன்னால் ஓர் அண்ணன் இருந்தான், அம்மா சொன்னாள் என்று குதித்தேன். அப்பா துவட்டுவதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார். சித்தப்பா ஏதாவது வேடிக்கையாகச் சொல்வார் என்று அவரிடம் திரும்பினேன். அவர் ஈரச்சட்டையோடு சுவரோரம் நின்று, அம்மாவை மைனி என்று ஒருமுறை கூப்பிட்டார்.

கரண்ட் வரவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் வழக்கம்போல் ஜெபமாலை சொன்னோம். முடிவில் ஒவ்வொருவரும் தம் மன்றாட்டைச் சொல்ல, மற்றவர்கள் ஆமென் சொல்வது எங்கள் வீட்டு முறை. நான் சின்னவள் என்பதால் என்னுடையதுதான் முதலில். மற்ற நாட்களில் மார்க்கும் சைக்கிளும் கேட்டு வேகமாக முடித்துவிடுவேன். அன்று மனது நிறைந்திருந்ததால் கைகளை நன்றாகக் குவித்துக்கொண்டேன்.

"எனக்கு முன்னால பிறந்த அண்ணனுக்காக, ஆண்டவரே, ஒமக்கு நன்றி," என்றேன்.

யாரும் ஆமென் சொல்லவில்லை. மழைச் சத்தத்தில் அவர்களுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் உரக்க, இன்னொரு முறை சொன்னேன்.