சுவாமி மேல் போட்ட பழி

காரில் சாவியைத் திருப்பினால் சிவப்பு விளக்கு ஒன்று எரியும். அதில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பான், அவன் நெஞ்சுக்கு முன்னால் பந்து போல ஒன்று இருக்கும். வண்டி மோதினால் விரிந்து ஆளைத் தாங்கும் ஏர்பேக்குக்கு உண்டான விளக்கு அது. எரிந்து உடனே அணைந்துவிட்டால் எல்லாம் சரி. அணையாமல் நின்றால், மோதும்போது பை விரியாமலே போகலாம். எங்கள் காரில் ஆயுத பூஜைக்கு மறுநாள், மனைவியோடு கோயிலுக்குப் போகிற வழியில் அது எரிந்தது. அணையவே இல்லை.

நான் பத்தாவதுக்கு மேல் படிக்காதவன். ரயில்வே கேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சிவப்பு என்றால் நில் என்பதுதான் எனக்குத் தெரிந்த தொழில். அப்போது என் ஒரே மகள் ஹனூரில் புகுந்த வீட்டில் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். வளைகாப்பு முடிந்ததும் இந்தக் காரில்தான் அவளை மைசூருக்கு, எங்கள் வீட்டுக்குப் பிரசவத்துக்கு அழைத்து வரவேண்டும். பின்சீட்டில் உட்கார்ந்தால் அவளுக்குக் குமட்டும், முன்சீட்டில்தான் உட்காருவாள்.

வண்டி வாங்கிய இடத்துக்கே சர்வீசுக்குக் கொண்டுபோனேன். பூஜைக்கு முன்னால் உள்ளேயும் வெளியேயும் கழுவிக் கொடுத்ததும் அவர்கள்தான். வேலையை எழுதிக்கொள்ளும் இளைஞர் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு கருவியைச் செருகி எதையோ தட்டினார். விளக்கு அணைந்தது.

“ஆயித்து சார், முடிஞ்சுது. எர்ரரை அழிச்சாச்சு.”

“எர்ரர் எதனால வந்துச்சு?”

“அதெல்லாம் சும்மாவே வரும் சார். எலெக்ட்ரானிக்ஸ் தானே.”

எனக்கு முதல் கோபம் அங்கே வந்தது. கேட்டில் சிவப்பு விழுந்தால் ஏன் விழுந்தது என்று பார்ப்போம். சிவப்பைத் துடைத்துவிட்டு ரயிலை அனுப்பமாட்டோம். வீட்டுக்குத் தனியாக ஓட்டி வந்தேன், விளக்கு வரவில்லை. அந்த வாரமே மனைவியை ஏற்றிக்கொண்டு சாமுண்டி மலைக்குப் போகும்போது வந்துவிட்டது.

மறுபடி போனேன். இந்த முறை இளைஞர் கருவியை எடுப்பதற்கு முன்பே டாஷ்போர்டைப் பார்த்தார். அங்கே இடது பக்கம் எங்கள் மாதேஸ்வரன் புலி மேல் உட்கார்ந்திருந்தார். மாதேஸ்வரன் மலைக்குப் போனபோது வாங்கிய சின்ன விக்கிரகம்.

“இதுதான் சார் பிராப்ளம். சுவாமி ஏர்பேக் மேலேயே உட்கார்ந்திருக்கார். அழுத்தம் பட்டா எர்ரர் காட்டும். எடுத்துடுங்க, வராது.”

அழித்து அனுப்பினார். நான் வீட்டுக்கு வந்து அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை. வண்டி வாங்கிய நாளிலிருந்து மாதேஸ்வரன் முகத்தைப் பார்க்காமல் நான் சாவியைத் திருப்பியதில்லை. காலையில் குளித்து, கற்பூரம் காட்டி, “ஒரு விளக்குக்காக உன்னைக் கிளப்புறேன், கோவிச்சுக்காதே” என்று சொல்லிவிட்டு, பூக்கட்டும் நூலை விக்கிரகத்துக்கு அடியில் விட்டு மெல்ல அறுத்தேன். பசை விட்டது. அவர் இருந்த இடத்தில் ஏர்பேக் என்று ஆங்கில எழுத்துகள் புடைத்துக்கொண்டிருந்தன. பாதி எழுத்து பசையில் மூழ்கியிருந்தது.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். “ஏங்க, இதை அங்க ஒட்டினது யாரு?”

யார்? அவர்களேதான். வண்டியை ஒப்படைத்த அன்று சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, எங்களை நிறுத்திப் போட்டோ எடுத்து, “சுவாமியைக் கொடுங்க சார், நாங்களே உட்கார வைக்கிறோம், அதுவும் எங்க டெலிவரி பூஜையில சேர்ந்ததுதான்” என்று என் கையிலிருந்து வாங்கி, அவர்கள் பசையால், அந்த எழுத்தின் மேலேயே ஒட்டினார்கள்.

மகளுக்குப் போன் செய்தேன். அவள் எங்கோ தேடிப் படித்துவிட்டுச் சொன்னாள். “அப்பா, அந்த மூடியைக் கிழிச்சுக்கிட்டுதான் பை வெளிய வருமாம். மேல எது இருந்தாலும் முகத்துக்கு நேரா பறந்து வருமாம். நல்லவேளை எடுத்தீங்க.”

அதற்கு நேர் எதிரே முன்சீட்டில் இத்தனை நாள் உட்கார்ந்தவள் என் மனைவி. இனி உட்காரப் போகிறவள் வயிற்றுப்பிள்ளைக்காரி.

சரி, எடுத்தாயிற்று, இனி வராது என்று நம்பி ஹனூருக்குப் போனோம். மனைவி பேத்திக்கோ பேரனுக்கோ என்று தைத்த துணி மூட்டையோடு பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். வளைகாப்பு நன்றாக நடந்தது. திரும்பும்போது மகள் கை நிறைய வளையலோடு முன்னால் உட்கார்ந்தாள். கொள்ளேகால் தாண்டவில்லை. வயிறு இடிக்கிறது என்று சீட்டைப் பின்னால் தள்ளினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

“அப்பா, நான் தள்ளினேன், அது வந்துடுச்சு.”

ஓரமாக நிறுத்தினேன். அப்போதுதான் எனக்கும் பிடிபட்டது. நான் தனியாகப் போகும்போது அது ஒருநாளும் வந்ததில்லை. முழங்கால் வலி என்று சீட்டைப் பின்னால் தள்ளி உட்காருகிற என் மனைவி ஏறும்போதுதான் வந்திருக்கிறது. மாதேஸ்வரனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

மகளைப் பின்சீட்டுக்கு மாற்றினேன். மைசூர் வரும்வரை பாவம் அவள் ஓங்கரித்துக்கொண்டே வந்தாள். மனைவி முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள். நான் மனசுக்குள் சர்வீஸ் சென்டரில் பேச வேண்டியதைப் பேசிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் காலை சர்வீஸ் சென்டரில் வண்டியை நிறுத்தியதும் இளைஞர் கருவியோடு வந்தார். கதவில் கை வைத்து மறித்தேன்.

“இன்னைக்கு அழிக்க வேண்டாம். சீட்டுக்குக் கீழ பாருங்க.”

“சார், அது பெரிய வேலை.”

“பெரிய வேலையைப் பாருங்க. நான் இங்கயே நிக்கிறேன்.”

மேனேஜர் வந்தார். பேட்டரியைக் கழற்றி, சிறிது நேரம் விட்டு, சீட்டை வெளியே எடுத்தார்கள். அடியில் தரை விரிப்பு இன்னும் ஈர நாற்றம் அடித்தது. ஏர்பேக்குக்கு உண்டான மஞ்சள் ஒயர் ஒன்று கறுப்பு டேப் சுற்றி, சீட் ஓடும் தண்டவாளத்துக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. சீட்டைப் பின்னால் தள்ளினால் அது இழுபடும். பூஜைக்குக் கழுவியபோது விரிப்பு காயட்டும் என்று சீட்டைக் கழற்றியிருக்கிறார்கள். திரும்ப மாட்டும்போது ஒயரைப் பிய்த்து, டேப் ஒட்டி மூடியிருக்கிறார்கள்.

“ஆயுத பூஜை ரஷ் சார்,” என்றார் மேனேஜர். “ஒரு நாள்ல அத்தனை வண்டி.”

“அவசரத்துல பிஞ்சுது, சரி. சுவாமி மேல எதுக்குப் பழி போட்டீங்க?”

மேனேஜர் புது ஒயர் போடச் சொன்னார். பிறகு உள்ளே போய் ஒரு பெட்டியோடு வந்தார். “மனசுல வெச்சுக்காதீங்க சார். எங்க அன்பளிப்பு.” பெட்டியில் பளபளவென்று ஒரு பிள்ளையார். அடியில் ஒட்டுவதற்குப் பசைத்தாளும் தயாராக இருந்தது.

பிள்ளையாரைக் கண்ணில் ஒற்றி அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். கோபத்தில் சுவாமியை அவமதித்துவிடக் கூடாதே என்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அந்த நேரம் கடை வாசலில் புது வண்டி ஒன்றுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண், பக்கத்தில் கணவர். கடை ஆள் பசையோடு உள்ளே குனிந்திருந்தார், அதே இடது பக்கம். நான் போய்ச் சொன்னேன்.

“அம்மா, அங்க ஒட்ட விடாதீங்க.”

கணவர் என் நெற்றி விபூதியைப் பார்த்தார். “நீங்களே சுவாமி வேண்டாங்கறீங்களே?”

“சுவாமி வேண்டாங்கல. உங்க குழந்தை முகத்துக்கு எதிர்ல வேண்டாங்கறேன். கையை வெச்சுப் பாருங்க, எழுத்து இருக்கும்.”

அந்தப் பெண் விரலால் தடவிப் பார்த்தாள். கடை ஆளின் கையிலிருந்து விக்கிரகத்தை வாங்கிப் புடவைத் தலைப்பில் வைத்துக்கொண்டாள். மேனேஜர் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் பதில் பார்வை பார்த்தேன்.

அடுத்த நாள் மகளைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். மாதேஸ்வரன் இப்போது வீட்டுப் பூஜை அலமாரியில் இருக்கிறார். கும்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினோம். மகள் முன்சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளி உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பினேன். சிவப்பு எரிந்தது, அணைந்தது.

“அதான் அணைஞ்சுடுச்சேப்பா, போலாம்.”

“இரு,” என்று சாவியை அணைத்து, மறுபடியும் திருப்பிப் பார்த்தேன்.