ஜன்னல் இல்லாத வேன்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சந்தில் குமரன் ஸ்டூடியோ என்று ஒரு போட்டோக் கடை இருந்தது. "தலைய கொஞ்சம் சாய்ங்க, கண்ண மூடாதீங்க" என்று சொல்லிப் படம் பிடிப்பவர் முத்துகிருஷ்ணன். அந்தப் படத்தை இருட்டறையில் கழுவி, காகிதத்தில் ஏற்றி, ஓரம் வெட்டிக் கொடுப்பது அவர் மனைவி சொக்கம்மாள். இந்த இரண்டாவது விஷயம் ஊரில் பாதிப்பேருக்குத் தெரியாது.

சொக்கம்மாள் ராஜகுளத்துப் பெண். எட்டாவது வரை படித்தவள். கல்யாணமாகி வந்த மறு மாதமே, படம் கழுவும் மருந்து வாடையில் புருஷனுக்கு இழுப்பு வந்து மூச்சு வாங்குவதைப் பார்த்தாள். "நீங்க வெளிய குந்துங்க. இன்னா பண்ணணும்னு கதவாண்ட நின்னு சொல்லுங்க, நான் பண்றேன்" என்று உள்ளே போனாள். அன்றிலிருந்து டார்க் ரூம் அவளுடையது ஆயிற்று. பதினான்கு வருஷத்தில் அந்தத் தாலுக்காவில் அவள் கைபட்டு வராத முகம் குறைவு. சந்தையில் யாராவது எதிரே வந்தால், பேர் தெரியாது, ஆனால் இடது புருவத்தில் தழும்பு இருப்பது தெரியும்.

கடை வியாபாரம் பாதி, திருவிழா வியாபாரம் பாதி. தை பிறந்தால் ஆடி வரை எங்காவது ஒரு தேர், ஒரு தீமிதி, ஒரு கூழ் வார்த்தல். முத்துகிருஷ்ணன் அரண்மனைப் படிக்கட்டும் மயிலும் எழுதிய படுதாவைக் கட்டி, ஜனங்களை அதன் முன்னால் நிறுத்திப் படம் பிடிப்பார். பக்கத்தில் கறுப்புத் துணியை இரட்டையாகத் தைத்த ஒரு கூடாரம். அதற்குள் உட்கார்ந்து சொக்கம்மாள் ஒரு மணி நேரத்தில் படத்தைக் கையில் கொடுத்துவிடுவாள். காற்றடித்தால் கூடாரம் பறக்கும். வெயிலடித்தால் உள்ளே இட்லிப் பானை. மானாம்பதித் திருவிழாவில் ஒரு ஆடு துணிக்கு அடியில் தலையை நுழைத்து, தட்டில் இருந்ததை நிதானமாக முகர்ந்து பார்த்தது. ஆட்டோடு சேர்ந்து வெளிச்சமும் வந்தது. முப்பது பேர் முகம் கரிக்கட்டையாகப் போனது. அவர்களை எல்லாம் கூட்டத்தில் தேடிப் பிடித்து மறுபடி நிற்க வைத்தார்கள்.

அவளுக்கு அதைவிடக் கஷ்டம் வேறு. மூன்று நாள் திருவிழா என்றால் மூன்று நாளும் புளிய மரத்தடியில் படுக்கை. புடவை மாற்ற மறைவிடம் தேட வேண்டும். மகள் அம்முலுவை ஒவ்வொரு தடவையும் ராஜகுளத்தில் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டும். ஒன்பது வயசுப் பெண் பஸ் கிளம்பும்வரை சிரித்துக்கொண்டு நின்றுவிட்டு, பஸ் திரும்பியதும் அழுவாள் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

"வூடும் டார்க் ரூமும் சேர்ந்து சக்கரத்துல போனா எப்பிடி இருக்கும்?" என்று ஒரு நாள் முத்துகிருஷ்ணன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். சொக்கம்மாள் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

அந்த வருஷம், அதாவது எண்பத்து மூன்றில், முத்துகிருஷ்ணனின் பங்கு நிலத்தை அண்ணன் சேட்டுவே வாங்கியிருந்தார். அந்தப் பணம் பாங்கில் இருந்தது. மெட்ராசில் டீசல் வேன் விற்கும் கம்பெனிக்குப் புருஷனும் பெண்டாட்டியும் சேட்டுவுமாக மூன்று பேர் போனார்கள். சேட்டுவை யாரும் கூப்பிடவில்லை. வண்டி வாங்குவது என்றால் அவர் இல்லாமல் எப்படி என்று அவரே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

கம்பெனியில் ஒரே வண்டி மூன்று விதமாக நின்றது. எஞ்சின் ஒன்றேதான், சக்கரமும் ஸ்டியரிங்கும் அதேதான். மேலே போர்த்தியதுதான் வேறே. முதலாவது டீலக்ஸ். சுற்றிலும் கண்ணாடி ஜன்னல், சிவப்புத் திரை, மெத்தை வைத்த சீட், கூரையில் குட்டி ஃபேன். இரண்டாவதில் ஜன்னல் உண்டு, பெஞ்சு மாதிரி சீட் உண்டு, திரையும் ஃபேனும் கிடையாது. மூன்றாவது ஒரு ஓரமாக நின்றது. முன்னால் டிரைவருக்கும் பக்கத்தில் ஒருவருக்கும் இடம். பின்னால் ஒன்றுமில்லை. வெறும் தகரப் பெட்டி, வெறும் இரும்புத் தரை.

சேட்டு டீலக்ஸைச் சுற்றி வந்து கூரையைத் தட்டிப் பார்த்தார். "இதான்டா வண்டி! திருவிழா இல்லாத நாள்ல கல்யாணத்துக்கு வாடகைக்கு வுடலாம். மாப்ள அழைப்புக்கு நம்ம வண்டிதான்" என்றார். முத்துகிருஷ்ணன் அதற்குள் ஏறி ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துவிட்டார். கம்பெனி ஆள் சுவிட்சைப் போட்டார். தலைமயிர் பறக்க அவர் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தால், இனி எழுந்திருக்கிற உத்தேசம் இருப்பதாகத் தெரியவில்லை.

சொக்கம்மாள் மூன்றாவது வண்டியின் பின்கதவைத் திறந்து ஏறினாள்.

"அம்மா, அது டெலிவரி வேன். சோப்பு, பிஸ்கட் ஏத்துறவங்க வாங்குவாங்க" என்று கம்பெனி ஆள் ஓடி வந்தார்.

"தெரியுதுங்க. கதவ வெளியேந்து சாத்துங்க."

"உள்ள நீங்க இருக்கீங்களே!"

"அதுக்குத்தான் சாத்தச் சொல்றேன். நான் தட்டுனப்புறம் தொறங்க."

அவர் கதவைச் சாத்தினார். சொக்கம்மாள் நடுவில் நின்று, கண் பழகட்டும் என்று காத்திருந்தாள். வெளியே சேட்டு, "இன்னா ஆச்சு இந்தப் பொண்ணுக்கு?" என்று கேட்பது கேட்டது. மெதுவாக ஒவ்வொரு இடமாக வெளிச்சம் தெரிந்தது. கதவு ரப்பரின் கீழ்மூலையில் ஒரு கீற்று. டிரைவர் பக்கத் தடுப்பில் ஒரு பிளவு. தரையில் போல்ட்டு ஓட்டை இரண்டு. அவ்வளவுதான். நாலு இடம். நாலையும் அடைத்துவிட்டால் இது குடத்துக்குள் இருக்கிற இருட்டு. அந்தக் கூடாரத்தில் ஒரு நாளும் அவளுக்கு இப்படி ஒரு இருட்டு கிடைத்ததில்லை. நிமிர்ந்து நின்றாள். தலை இடிக்கவில்லை. இரண்டு கையையும் நீட்டிப் பார்த்தாள். இந்தப் பக்கம் தட்டுகள், அந்தப் பக்கம் படுக்கை என்று அங்கேயே மனசுக்குள் வைத்துப் பார்த்துவிட்டாள்.

தட்டினாள். வியர்வை வழிய, வாயெல்லாம் சிரிப்பாக இறங்கினாள்.

"இது போதுங்க."

சேட்டுவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாம்மா, நல்ல வண்டி நிக்குது, பெட்டிய காட்றியே! ஜன்னல் இல்லாத வண்டில ஊருக்குள்ள வந்தா, எவனோ செத்துட்டான்னு எழுந்து நிப்பானுங்க."

"மாமா, அந்த வண்டில ஜன்னலுக்குக் காசு குடுத்து வாங்கணும். அப்புறம் அத்தினி ஜன்னலையும் மூடறதுக்கு நான் தகரம் வாங்கணும். சீட்டுக்குக் காசு குடுக்கணும், அப்புறம் கயட்டிக் கொல்லையில போடணும். இன்னாத்துக்கு?"

சேட்டு கம்பெனி ஆளைப் பார்த்தார். கம்பெனி ஆள் டீலக்ஸ் விற்கத்தான் ஆசைப்பட்டார். ஆனாலும், "அவங்க சொல்றது சரிதான் சார்" என்று தன்னை அறியாமல் சொல்லிவிட்டார்.

முத்துகிருஷ்ணன் இன்னும் ஃபேனுக்கு அடியிலேயே இருந்தார். சொக்கம்மாள் ஏறி அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். மெத்தை நன்றாகத்தான் இருந்தது.

"உங்களுக்கு இது பிடிச்சிருந்தா சொல்லுங்க" என்றாள்.

அவர் கொஞ்ச நேரம் திரையை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். "பதினாலு வருசமா நீ இருட்டுலயே கீற. வண்டினு ஒண்ணு வாங்கினா, நீ ஜன்னலோரம் குந்திக்கினு வரணும்னு நெனச்சேன். வேற ஒண்ணுமில்ல."

சொக்கம்மாள் அவர் கையிலிருந்து திரையை வாங்கி ஓரமாக ஒதுக்கினாள்.

"வேல செய்யற எடம் இருட்டா இருந்தாத்தாங்க எனக்கு நிம்மதி" என்றாள். "வெளிச்சம் வந்தாத்தான் பயம். போற வழியில டிரைவர் பக்கத்து சீட்டுல ஜன்னல் கீது இல்ல, அது போதும்."

டெலிவரி வேன்தான் வந்தது. வெள்ளை நிறம். ஊரில் அதற்கு 'ஜெயிலு வண்டி' என்று பேர் வைக்க இரண்டு நாள் கூட ஆகவில்லை.

தச்சர் இருசப்பன் பட்டறையில் ஒரு மாதம் வேலை நடந்தது. மடித்தால் பலகை, விரித்தால் இரண்டு பேர் படுக்கிற கட்டில். அதற்குக் கீழே அம்முலுவுக்கு இழுத்துப் போடும் குட்டிக் கட்டில். ஸ்டவ் வைக்கத் தகரம் அடித்த மூலை. வண்டி ஓடும்போது ஆடாமல் தண்ணீர் டிரம்முக்கு ஒரு வளையம். நடுவில் தடுப்பு, தடுப்புக்கு அப்பால் டார்க் ரூம். நாலு ஓட்டையையும் சொக்கம்மாளே உள்ளே நின்றுகொண்டு, "இன்னும் மேல... ஆங், போச்சு" என்று சொல்லி அடைக்க வைத்தாள்.

ஒரு நாள் மதியம் வெள்ளோட்டம் பார்த்தார்கள். அரை மணி நேரத்தில் சொக்கம்மாள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து வேப்ப மரத்தில் சாய்ந்துவிட்டாள். முகம் பீட்ரூட் மாதிரி சிவந்திருந்தது. கையில் ஒரு படம். படத்தில் இருந்த ஆள் காகிதத்தை விட்டு வழுக்கி, பாதி உடம்போடு தொங்கிக்கொண்டிருந்தார். சூட்டில் மருந்துத் தண்ணீர் கொதிக்காத குறைதான். மேல்பூச்சு உருகி நழுவிவிட்டது.

செய்தி சேட்டுவுக்குப் போனது. வந்தார், பார்த்தார். "நான் அன்னிக்கே சொன்னேன்" என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

சொக்கம்மாள் மூன்று நாள் யோசித்தாள். டீலக்ஸ் வாங்கியிருக்கலாமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. நாலாம் நாள் அடுப்பூதிக்கொண்டிருந்தபோது புகை கதவைத் தாண்டி, சுவரில் மோதி, மூலை திரும்பிக் கூடத்துக்குப் போவதைப் பார்த்தாள். அடுப்பு வெளிச்சம் மட்டும் கதவோடு நின்றுவிட்டது. ஊதுகுழலைப் போட்டுவிட்டு இருசப்பன் பட்டறைக்கு நடந்தாள்.

"அண்ணே, காத்து வளஞ்சி போவும். வெளிச்சம் வளையாது. மொழங்கை மாதிரி ரெண்டு மடிப்பு வச்சி, காத்து போய் வர ரெண்டு மரப்பெட்டி பண்ணுங்க. உள்ள கறுப்பு அடிச்சிடுங்க. கூரையில ஒண்ணு, தரையாண்ட ஒண்ணு."

இருசப்பன் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, பலகையில் கோடு போட்டுப் பார்த்தார். தலையை ஆட்டினார். "இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாம்மா, ஒரே வேலைய ரெண்டு தபா பண்ண வேணாமே" என்றார்.

கீழ்ப்பெட்டியில் பாட்டரியில் ஓடும் ஒரு ஃபேன் வைத்தார்கள். கூரை மேல் கீற்றுத் தட்டி. மருந்துத் தட்டுகளுக்கு அடியில் ஈர மணலும் நனைத்த சாக்கும். மறுபடி மதிய வெயிலில் உள்ளே போனாள். ஒரு மணி நேரம் கழித்து, "காபி கொண்டாங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. முத்துகிருஷ்ணன் ஓடிப்போய்ப் போட்டுக்கொண்டு வந்தார்.

எண்பத்து நாலு தைப்பூசத்துக்குப் பெருநகருக்குப் போனார்கள். அன்று அம்முலுவும் வண்டியில் இருந்தாள். சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகள் எல்லாம் செய்யாற்றுக்கு வருகிற நாள். காலையிலேயே ஆற்றங்கரையில் ஜனம் நெருக்கியது. வண்டி மரத்தடியில் போய் நின்றதும் ஒரு விநோதம் நடந்தது. பக்கத்து டீக்கடையில் இருந்த ஆம்பளைகள் டம்ளரை வைத்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ஐந்து நிமிஷத்தில் பெஞ்சு காலி. பெண்கள் மட்டும் தூரத்தில் நின்று முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தார்கள்.

முத்துகிருஷ்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. செல்லாயி என்ற வெற்றிலைக்காரம்மாள்தான் பக்கத்தில் வந்து கேட்டாள்.

"இந்தாம்மா, இது ஆப்பரேசன் வண்டியா?"

"இன்னா ஆப்பரேசன்?"

"அதான், கொயந்த வேணாம்னு பண்ணுவாங்களே. முன்ன ஒரு தபா இதே மாதிரி வெள்ள வண்டி வந்து, எங்க வூட்டாளு ரெண்டு நாள் கரும்புத் தோட்டத்துலயே படுத்துக்கினாரு."

சொக்கம்மாள் படியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு எழுந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உரக்கச் சொன்னாள்: "போட்டோ வண்டிங்க! போட்டோ! ஒரு மணி நேரத்துல மூஞ்சி கைக்கு வந்துடும்! வேற எதையும் எடுக்க மாட்டோம்!"

ஆற்றங்கரை முழுக்கச் சிரிப்பு ஓடியது. முதலில் செல்லாயிதான் மயில் படுதா முன்னால் நின்றாள். அவள் படம் ஈரத்தோடு வெளியே வந்து ஆள் ஆளாகக் கை மாறியதும், கரும்புத் தோட்டத்துப் பக்கம் போனவர்கள் திரும்பி வந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு வரிசை டீக்கடையைச் சுற்றிப் போனது. அம்முலு ஈரப் படங்களைக் கொடியில் கிளிப்பு மாட்டிக் காயப்போட்டாள். பசித்தபோது பின்பக்கம் போய், அம்மா காலையில் கிளறி வைத்த உப்புமாவைச் சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

மத்தியானம் சலவை வேட்டியும் விபூதியுமாக சேட்டு வந்தார். முத்துகிருஷ்ணன் அவரைப் படம் பிடித்தார். காத்திருக்கப் பொறுமை இல்லாமல் சேட்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"வாங்க மாமா, உள்ள வந்து பாருங்க. கதவ சாத்திக்கணும், பயப்படாதீங்க."

"எனக்கு இன்னா பயம்?" என்று குனிந்து ஏறினார். சிவப்பு விளக்கில் அவர் கண்ணுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. கால் பக்கம் ஜில்லென்று காற்று வந்தது. சொக்கம்மாள் வெள்ளைக் காகிதம் ஒன்றைத் தட்டில் விட்டு, ஓரத்தைப் பிடித்து மெல்ல ஆட்டினாள். வெறும் வெள்ளையில் முதலில் இரண்டு புருவம் வந்தது. அப்புறம் மீசை. தோள் துண்டின் கரை. பிறகு முழு சேட்டுவும் தண்ணீருக்குள்ளிருந்து அவரையே பார்த்தார்.

சேட்டு தட்டின் மேல் இன்னும் குனிந்தார். இத்தனை வருஷமாக இவள் உள்ளே என்ன செய்கிறாள் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

"ஏம்மா" என்றார் கடைசியில், குரலைத் தாழ்த்தி.

"இன்னா மாமா?"

"என் காது இவ்ளோ பெருசாவா கீது?"

"கூட இல்ல, கொறச்சி இல்ல மாமா. உள்ளது உள்ளபடி" என்று சொல்லி, படத்தை எடுத்து அடுத்த தட்டில் போட்டாள். வெளியே வரிசையில் நின்றவர்கள் தகரத்தைத் தட்ட ஆரம்பித்தார்கள்.