மகள் தூங்கும் பாட்டு

இருநூறு தடவைக்கு மேல் கேட்ட ஒரு பாட்டின் வரிகள் என் காதில் ஏன் விழவே இல்லை? இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை தமிழ் எடுத்துப் படித்தவள் நான். ஜொகூர் பாரு பக்கம் செனாயில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் கடிதம் எழுதுவது என் வேலை. ஒரு காற்புள்ளி தவறினாலும் மறுபடி அச்செடுப்பேன்.

என் கணவருக்குக் கவர் ஆல்பம் என்றால் உயிர். தினமும் விடியுமுன் மோட்டாரில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார். தலைக்கவசத்துக்குள்ளும் அதுதான் ஓடும். நாட்டுப்புறப் பாடகர்கள் சினிமாப் பாட்டைப் பாடுவார்கள், பாப் பாடகிகள் நாட்டுப்புறப் பாட்டைப் பாடுவார்கள். எனக்கு அவை ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. யாரோ மென்று வைத்ததை எடுத்துச் சர்க்கரை தூவி மறுபடி தட்டில் வைத்தது போலிருக்கும். அதிலும் ஒரு பாடகி, ஒவ்வொரு வரிக்கு முன்னும் மூச்சை இழுப்பாள். வரி முடிந்ததும் அவள் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்கும். யாரோ ஈர வாயைக் காதோடு ஒட்டி வைத்ததுபோல உடம்பு கூசும்.

ஆனால் மகள் அந்தக் குரலுக்குத்தான் தூங்கினாள். ஐந்து மாதக் குழந்தையாக, ஜொகூர் பாருவுக்குப் போகும் வழியெல்லாம் காரில் கத்திக்கொண்டு வந்தவள், அந்தப் பாடகியின் ஆல்பத்தில் ஏழாவது பாட்டு வந்ததும் அடங்கினாள். அட்டையில் தொட்டில் படம். பின்னணியில் கிட்டார்.

பச்சை ஓலைப் படுக்கையில
பாப்பா நீ தூங்கையில
எண்ணெய் வச்சுக் குளிப்பாட்டி
எந்த ஊருக்கு அனுப்புறாங்க

எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டாத வீடு எது? நானும் குளிப்பாட்டினேன், பாட்டைப் போட்டேன், அவள் தூங்கினாள். இணையத்தில் அந்தப் பாட்டுக்குக் கீழே, 'என் மகள் இரண்டே நிமிடத்தில் தூங்கிவிட்டாள், நன்றி' என்று எழுதி ஓர் இதயமும் வைத்தேன். இப்போது நினைத்தால் அந்த விரலைக் கழுவிக்கொள்ளத் தோன்றுகிறது.

தெப்ராவில் ஒரு சமூகக் கூடத்தில் முதல் பிறந்தநாள். அவளுடைய புகைப்படங்களை வரிசையாகத் திரையில் ஓடவிட்டு, பின்னணிக்கு அந்தப் பாட்டைச் சேர்த்திருந்தேன். மூன்று நாள் உட்கார்ந்து நானே செய்தது. இரண்டாவது வரியிலேயே முன்வரிசையில் சாப்பாட்டுச் சத்தம் நின்றுபோனது. கணவரின் பெரியம்மா, ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், தட்டைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, யாரு போயிட்டாங்க?"

எனக்குப் புரியவில்லை. "யாரும் எங்கயும் போகல பெரியம்மா, எல்லாரும் இங்கதான் இருக்காங்க."

"அப்பறம் ஏன் ஒப்பாரி வைக்கிறீங்க? இது எங்க தோட்டத்துல சின்னப் புள்ள செத்தா பாடுறது. பச்ச ஓல யாருக்குப் பின்னுவாங்க? பாடைக்குத்தானே?"

கணவர் சிரித்துக்கொண்டே வந்தார். "கவர் சாங் லா பெரியம்மா. இப்ப வேற மாதிரி பண்ணியிருக்காங்க."

"பொணத்துக்குப் பவுடர் போட்டா எந்திரிச்சு உக்காந்துருமாடா? மொதல்ல நிறுத்து."

கணினியை நோக்கி ஓடினேன். எதை அழுத்துவது என்று தெரியவில்லை. திரையில் என் மகள் முதல் முறையாகச் சோறு சாப்பிடுகிறாள்; அவள் எந்த ஊருக்கு அனுப்பப்படுகிறாள் என்று அந்த ஈரக் குரல் கேட்கிறது. பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பினால், பளபளக்கும் பாவாடையோடு மகள் என் நாத்தனாரின் தோளில் தலை சாய்ந்து, கை இரண்டும் தொங்க, தூங்கியிருந்தாள். கேக் இன்னும் வெட்டவில்லை. அத்தனை பெண்களும் அவளையே பார்த்தார்கள். பெரியம்மா விறுவிறுவென்று வந்து அவள் உள்ளங்காலில் தட்டித் தட்டி எழுப்பினார். அவள் வீறிட்டு அழுதபிறகுதான் கூடத்தில் மறுபடி பேச்சுச் சத்தம் கேட்டது.

வீட்டுக்கு வந்து பாட்டை அழித்தேன். அந்தப் பாடகி மேல் எனக்கு வந்த அருவருப்பை எழுதினால் அசிங்கமாக இருக்கும். பிள்ளையைப் பறிகொடுத்த எவளோ ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டு கதறியதை எடுத்து, கண்ணீரைத் துடைத்துவிட்டு, தொட்டில் படம் போட்டு விற்றிருக்கிறாள். அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். எனக்கும்தான் தெரியவில்லை. குரலை வெறுப்பதிலேயே மும்முரமாக இருந்துவிட்டேனோ, அதனால்தான் வரிகள் கேட்கவில்லையோ என்று சில நேரம் நினைக்கிறேன். அதுவும் சாக்குப்போக்காகத்தான் படுகிறது.

வேறு பாட்டுகள் போட்டேன். நானே பாடினேன், என் வாயைக் கையால் பொத்தினாள். பகலில் அவளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, "கண்ணே மூட மாட்டேங்குதும்மா, என்னையும் உக்கார விட மாட்டேங்குது" என்றார். பத்து நாள் அப்படிப் போனது. பிறகு காய்ச்சல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம், சிவந்த முகத்தோடு, "பாத்து, பாத்து" என்று அழுதாள். அப்போது அவளுக்குத் தெரிந்த சொற்கள் ஐந்தாறு. அதில் ஒன்று பாட்டு.

"போடலாமா?" என்றார் கணவர். அவர் கைப்பேசியில் பாட்டு இன்னும் இருந்தது.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. இரண்டு நிமிடத்தில் தூங்கிவிட்டாள். மூக்கடியில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் விரலை எடுக்கவில்லை.

காய்ச்சல் போய்விட்டது. பாட்டு திரும்ப வந்துவிட்டது. இப்போது அவளுக்கு ஒன்றரை வயது. நேற்று தன் பொம்மையைப் படுக்க வைத்து, தட்டிக்கொடுத்து, 'பச்ச ஓல' என்று முதல் வரியை அவளே முனகினாள். பாடுவதற்கு முன் அந்தப் பாடகியைப் போலவே மூச்சை இழுத்தாள்.

பிள்ளை பழகிவிட்ட ஒன்றை நிறுத்திய தாய்மார்கள் உங்களில் இருப்பீர்கள். எப்படி நிறுத்தினீர்கள், எத்தனை நாள் அழவிட்டீர்கள்? இல்லை, அவளுக்கு இது வெறும் தூக்கம்தான், பயம் என்னுடையது மட்டும்தான், விட்டுவிடு என்பீர்களா? எதுவானாலும் எனக்கு எழுதுங்கள்.