ஆணியில் தொங்கிய சிவப்புச் சட்டை

நூறு கிலோ எடையுள்ள ஒருவன் உங்கள் விலாவைக் குறிவைத்து ஓடிவருகிறான். உங்கள் கால்கள் இருந்த இடத்தில் நிற்குமா?

வெண்டல் மோஸ்லியின் கால்கள் நிற்காது என்று பயிற்சியாளர் ரிகின்ஸ் முடிவுகட்டியிருந்தார். "அவங்க ஆளுங்களுக்கு ஓட்டம் ரத்தத்துலயே இருக்கு. நின்னு யோசிச்சு எறியறது வராது."

1974, மிசிசிப்பி. கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகள் எங்கள் பள்ளி அணியில் சேர்ந்து, ஆளை இடித்து வீழ்த்தும் அமெரிக்கக் கால்பந்து ஆடத் தொடங்கி நான்கு ஆண்டுகள். அந்த அணியில் நானும் இருந்தேன். பந்தை வாங்கி எறிகிற குவார்ட்டர்பேக் இடத்துக்கு இருவர் போட்டியிட்டார்கள்: கறுப்பினத்து வெண்டல், வெள்ளையன் டென்னி. ஆகஸ்ட் கடைசி வெள்ளியன்று தேர்வு. தோற்றவன் பந்து பிடிக்க ஓடுகிற வரிசைக்குப் போக வேண்டும்.

ரத்தத்தை நான் சோதித்ததில்லை. சட்டையைப் பார்த்தேன். பயிற்சியில் குவார்ட்டர்பேக்குக்குச் சிவப்புச் சட்டை தருவார்கள். அதைப் போட்டவனை யாரும் இடிக்கக் கூடாது. இருந்தது ஒன்றே ஒன்று. அது டென்னியின் உடம்பில் இருந்தது. அவன் நிதானமாக நின்று எறிந்தான். யார்தான் நிற்கமாட்டார்கள்? வெண்டல் மூன்று வாரம் இடிபட்டான். இடி விழும் முன்பே அவன் கால்கள் கிளம்பிவிடும். அதைத்தான் ரிகின்ஸ் ரத்தம் என்றார்.

வீட்டுக்குப் பின்னால் வெண்டல் அடிகளை எண்ணிப் பழகினான். பின்னால் ஐந்து எட்டு வை. ஐந்தாவதில் வலது காலை ஊன்று. இடது காலை எறியும் திசையில் வை. இடுப்பு முதலில், தோள் அப்புறம், கை கடைசியில். அக்கா எர்னஸ்டின் பழைய பருத்திச் சாக்கில் துணி அடைத்து அவன் விலாவில் வீசுவாள்.

"கண்ண மூடுனே. இன்னொண்ணு வாங்கிக்கோ."

"கை உடைஞ்சா நீயா எறிவே?"

"உன்னவிட நல்லா எறிவேன்டா."

வெள்ளிக்கிழமைத் தேர்வில் வெண்டலின் கடைசி எறிதல். அவனைக் காக்க வேண்டியவன் ஒதுங்கிக்கொண்டான். நேராக வந்தார்கள் இருவர். மூன்று, நான்கு, ஐந்து. வலது கால் ஊன்றியது. இடுப்பு திரும்பியது. பந்து கையைவிட்ட கணத்தில் அவன் தரையில் கிடந்தான். முப்பது கஜத்துக்கு அப்பால், பிடிக்க ஓடியவன் மார்பில் பந்து விழுந்தது.

"நல்லாத்தான் எறிஞ்ச," என்றார் ரிகின்ஸ். "திங்கக்கிழமையிலேர்ந்து நீ பந்து பிடிக்கிற வரிசை. உன் ஓட்டத்த வீணாக்க முடியாது."

திங்களன்று வெண்டல் சிவப்புச் சட்டையோடு மைதானத்துக்கு வந்தான்.

"யாருடா குடுத்தா?"

"ஆணியில தொங்குச்சு, கோச்."

யாரோ ஒருவன் சிரித்தான்.

"கழட்டு."

"கழட்டுறேங்க. டென்னிக்கும் குடுக்காதீங்க. இன்னிக்கு ஒரு நாள் ரெண்டு பேரும் இது இல்லாம எறியறோம்."

மறுத்தால் அத்தனை பேர் முன்னால் காரணம் சொல்ல வேண்டும். ரிகின்ஸ் தலையசைத்தார்.

டென்னி மேல் முதல் இடி விழுந்தது. இரண்டாவதற்கு அவன் கால்கள் தடுமாறின. மூன்றாவதற்கு அவன் ஓடினான். டென்னியின் ரத்தத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

பந்தைப் பின்னால் தள்ளிக் கொடுக்கும் பூன், வெள்ளையன், டென்னியின் அண்டை வீட்டுக்காரன், பந்தின் மேல் குனிந்தான். "எத்தனாவது சத்தத்துல பந்து வேணும், வெண்டல்?" அது குவார்ட்டர்பேக்கிடம் மட்டும் கேட்கிற கேள்வி.

வெண்டல் இரண்டு பருவம் எங்கள் குவார்ட்டர்பேக். இன்று அதே பள்ளியின் பேருந்தை ஓட்டுகிறார்.

இந்த வாரம் உங்கள் ஊர் மைதானத்துக்குப் போய் நில்லுங்கள். யார் மேல் சிவப்புச் சட்டை, யார் மேல் இல்லை என்று பாருங்கள். காரணத்தை, எல்லார் காதிலும் விழும்படி, பயிற்சியாளரிடம் கேளுங்கள்.