மாடிவீட்டுப் பெண்ணுக்குத் தாய்வீடு கீழ்வீடு

எங்கள் மாடியில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு ஜோடி குடியிருக்கிறது. ரஞ்சனுக்குப் பரவை மார்க்கெட்டில் வேலை. மனைவி மாலதிக்கு இது ஏழாம் மாதம். நேற்று எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து அவளுக்கு வளைகாப்பு நடத்தினார்கள்.

வளையல் போட்டு, சித்ரான்னம் ஊட்டி முடித்ததும் பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்.

"சரி, புள்ளைய எப்ப தாய்வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்க?"

மாலதியின் முகம் வாடிவிட்டது. இந்த வயிற்றோடு ஒடிசா வரை ரயிலில் எப்படிப் போவாள்?

என் மனைவி செல்வி சட்டென்று அவள் கையைப் பிடித்தாள். "தாய்வீடு கீழதான இருக்கு. வாடி, போவோம்."

குலவைச் சத்தத்தோடு ஊர்வலம் மாடிப்படியில் இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

ரஞ்சன் மட்டும் படியிலேயே நின்றான். "அண்ணே, எப்ப திருப்பி அனுப்புவீங்க?"

எனக்கு முன்னால் செல்வி பதில் சொன்னாள். "புள்ள பெறந்து மூணு மாசம் கழிச்சு. அதுவரைக்கும் நீங்க இங்கயே சாப்பிட வந்துருங்க மாப்ள."

முந்தாநாள் வரை அவன் அவளுக்கு 'டேய் தம்பி'.

இன்று மதியம் மாப்பிள்ளைக்கு முதல் விருந்து, கறிக்குழம்பு. கல்யாணமான நாளிலிருந்து எனக்கே வந்த நல்லி எலும்பு, நேராக ரஞ்சன் இலைக்குப் போனது. நான் செல்வியைப் பார்த்தேன்.

"என்ன பார்வை? மாமனாரா லட்சணமா இருங்க."

பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர்கள் யாராவது சொல்லுங்கள். நல்லி எலும்பையாவது பிள்ளை பிறந்த மூன்று மாதத்தில் திருப்பி அனுப்புவார்களா?